தொம்மையின் மகன் இன்னாசி

பெயர் இருந்தது.

இன்னாசி. தகப்பன் தொம்மை. தாய் சந்தியாகம்மாள். பிறந்த ஊர் நெட்டாம்பட்டி.

பங்குச் சாமியார் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீனில் இருந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கியது.

தாத்தா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே பெயர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். சண்டைக்குப் பயந்து கிழவனாகப் படகேறி வந்து, இங்கே அகதி முகாமின் ஓட்டை அறையில் செத்தவர். நான் இந்த மண்ணில் பிறந்தவன் என்பார். முகாமில் யாரும் காது கொடுத்ததில்லை.

அவள் முகாமில் பிறந்தவள். அவள் மகளும் அங்கேதான் பிறந்தாள். இரண்டு பேருக்கும் நாடு என்று ஒன்று இல்லை. தாத்தா பிறந்த ஊருக்கு ஒரு சான்று கிடைத்தால் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

கிடைத்துவிட்டது.

"சொந்தம்னு வேற யாராச்சும் இருந்தாங்களான்னும் பாத்துருவோம்மா."

சாமியாருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அடக்கப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டிப் புரட்டினார்.

விரல் ஓரிடத்தில் நின்றது.

அந்த வரியை மட்டும் அவர் தமிழில் சொல்லவில்லை.

"என்ன சாமி?"

"இன்னாசி. தொம்மை, சந்தியாகம்மாள் மகன்." அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினார். "எட்டு மாசக் குழந்தை. பேதியில எறந்திருக்கு."

அவள் சிரித்தே விட்டாள்.

"அது மூத்த பிள்ளையா இருக்கும் சாமி. அந்தப் பேரையே அடுத்த பிள்ளைக்கு வச்சிருப்பாங்க."

அவர் ஞானஸ்நானப் பதிவேட்டை வருஷம் வருஷமாகத் தள்ளிப் பார்த்தார். தொம்மைக்கு வேறு பிள்ளை அதில் இல்லை. பிறகு பங்கின் குடும்பக் கணக்கை. அதில் தொம்மையின் வீட்டுக்கு நேரே ஒரு வரிதான் இருந்தது.

புருஷன், பெண்சாதி. பிள்ளை இல்லை. கண்டிச் சீமைக்குப் போய்விட்டார்கள்.

பிள்ளை இல்லை.



அப்படியானால் தாத்தா யார்?

தோட்டத்திலேயே பிறந்தவரா? இல்லை, போகிற வழியில் பெற்றவர்களைப் பறிகொடுத்து நின்ற யாரோ வீட்டுப் பிள்ளையா? மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மகனின் பெயரைச் சொல்லி அந்தத் தாய் கூப்பிட்டபோது, திரும்பிப் பார்த்தது யார்?

மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தாத்தாவின் மூக்கு என்று எல்லோரும் சொல்லும் மூக்கு.



சாமியார் அடக்கப் பதிவேட்டை மூடினார். குடும்பக் கணக்கையும் மூடினார். ஒன்றை மட்டும் திறந்தபடி விட்டார்.

"இன்னாசிக்கு இங்க ஞானஸ்நானம் நடந்தது நெசம்மா. நான் எழுதித் தர்றது அதுக்கு மட்டுந்தான்."

எழுதினார். முத்திரை வைத்தார்.

ஒரு சொல் பொய் இல்லை.

அவள் கை நீளவில்லை. பள்ளிக்கூடத்தில் உன் ஊர் எது என்று கேட்டார்கள் என்று மகள் அழுதுகொண்டு வந்த நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வாசல்வரை போனவள் நின்றாள்.

"அந்தப் பிள்ளையை எங்க சாமி அடக்கம் பண்ணியிருக்காங்க?"