கேமராவைக் கொஞ்சம் பிடி

"கொஞ்சம் பிடி" என்று கேமராவை என் கையில் கொடுத்தார் என் வீட்டுக்காரர்.

கேமராக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து இதே கதைதான். கடைப் பெண் எதை எடுத்து வைத்தாலும் அவர் அதை என்னிடம் நீட்டிவிட்டு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.

பழைய கேமராவைத் தூசி தட்டக்கூட என்னைத் தொட விட்டதில்லை. நான் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வேன். இன்று மட்டும் என்ன இந்தத் தாராளம்?

எதற்கென்று எனக்குத் தெரியும். அவருடைய வலது கை நடுங்குகிறது. கடையில் யாருக்கும் தெரியக் கூடாது.

எனக்கே தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவி மனுஷன். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் கையைப் பிடித்து ஊசி குத்துகிறவள் நான். சொந்தப் புருஷன் கை எனக்குத் தெரியாமல் போகுமா?

டீயை இடது கையால் குடிக்க ஆரம்பித்தார். சட்டைப் பட்டனைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். அப்புறம் அவர் எடுக்கிற பறவைப் படங்கள் எல்லாம் கலங்கலாக வந்தன. கேட்டால், பறவை ஆடிவிட்டதாம்.

தூங்குகிற ஆந்தை எப்படி ஆடும்? ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கொக்கும் ஆடிவிட்டதாம்!

கடைசியில் பழி கேமராவின் மேல் விழுந்தது. லென்ஸ் நன்றாக இருக்கிறதாம், அதை மாட்டுகிற பெட்டி, அந்த பாடிதான் போய்விட்டதாம். "பாடி வாங்கப் போகலாம், வா" என்று காலையில் கூப்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரி வட்டாரத்தில் பாடி என்றால் பிணம். சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான். லீவு நாளில் விடியுமுன் குளக்கரைக்குப் போய்வராவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. படம் எடுக்க முடியாமல் போனால் மனிதர் என்ன ஆவார்?

அதனால் விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். கை ஆடினாலும் படத்தை ஆடவிடாத பாடிகள் இருக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கிவிட வேண்டும். ஏன் என்று அவரும் சொல்ல வேண்டாம், நானும் கேட்க வேண்டாம்.

கடைப் பெண் அதைத்தான் இப்போது எடுத்து வைத்தாள். கறுப்பாக, எருமைக் கன்று மாதிரி இருந்தது.

"பறவைக்குன்னா இதான் சார். கை லேசா ஆடினாலும் படம் நிக்கும்."

நீ நல்லா இருப்பே தாயி என்று மனதுக்குள் வாழ்த்தினேன். "இதுவே இருக்கட்டுங்க" என்றேன்.

அவர் அதையும் என்னிடமே நீட்டினார். என் விரல் பொத்தானுக்கு எட்டவில்லை. அதைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வேணாம்மா. முன்னாடி காட்டின அந்தச் சின்னதையே குடுங்க."

சின்னதில் அந்த வசதி கிடையாது. எனக்கு உள்ளே திக்கென்றது.

கண்ணாடி போட்டுக்கொண்டே அதில் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள் அந்தப் பெண். கண்ணாடி போட்டிருப்பவள் நான். இவருக்கு எதற்கு இந்தக் கேள்வி? பிடிவாதம் பிடிக்கிற மனிதருக்குப் பேச்சும் குழறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பில் போடச் சொல்லிவிட்டார்.

"ஐயோ, அதுல கை நடுங்கினா படம்..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த வார்த்தை, கடையில் வைத்து விழுந்துவிட்டது.

கடைப் பெண் நல்லவள், ஏதோ எடுப்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இந்த ஆட்டத்தை எந்த பாடியும் தாங்காது. பச்சக் குழந்தை கையில நரம்பு பிடிக்கிறவ நீ, உன் கை ஆடாதுல்ல? நான் காட்டுறேன், நீ எடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.

அவர் இடது கையால் கேமராவின் பட்டையை என் தலைவழியாகப் போட்டார். வயிறுவரை தொங்கியது. திரும்பி வந்த பெண்ணிடம், இன்னும் கொஞ்சம் சுருக்கித் தரச் சொன்னார்.

புதுச் சக்களத்தி என் கழுத்தில் தொங்கினாள். நல்ல கனம்.