மாவு கொட்டும் நேரம்

இரண்டு வயது இதழினி அடுத்து என்ன குறும்பு செய்யப்போகிறாள் என்பதை அவள் அப்பா கதிரவேலின் கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னதாகவே சொல்லிவிடும். செருப்பைத் தண்ணீர் வாளியில் போட அவள் கிளம்புவாள். அதற்குள் செருப்பு அலமாரிக்குள் போயிருக்கும். சுவரில் கிறுக்கப் போவாள். அங்கே அப்பா நிற்பான். திருப்பூரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இதே கடிகாரம்தான். வீடு பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரு வாரமாகப் பிள்ளை சிரிக்கவே இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவனுக்கு உறைத்தது.

அப்போது கடிகாரம் அதிர்ந்தது. ‘கோதுமை மாவு டப்பா. ஐந்து நிமிடம்.’

சமையலறைக்கு ஓடியவன், டப்பாவை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இதழினி வந்தாள். அப்பாவைக் கண்டதும் வழக்கம்போலத் திரும்பிப் போகப் பார்த்தாள். அவன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான். சற்று நேரத்தில் டப்பா கவிழ்ந்தது. அவள் இரண்டு கையிலும் மாவை அள்ளிக்கொண்டு நேரே அவன் மடியில் வந்து ஏறினாள்.

“அப்பாக்குப் பவுடரு.”

குளித்ததும் அவன் அவளுக்குப் போட்டுவிடுவதைப் போலவே நெற்றி, கன்னம், கழுத்து என்று பொறுமையாகப் பூசினாள். பிறகு ஒரு முத்தம் வைத்து, உதட்டில் ஒட்டிய மாவைத் துப்பிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

கடைக்குப் போய்வந்த அவன் மனைவி சுகிர்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, கடிகாரம் சொல்லலீங்களா?”

“மாவு கொட்டுவாள்னு சொல்லுச்சு. இதைச் சொல்லலை.”

சுகிர்தா பையைக் கீழே வைத்துவிட்டு, மகள் முன்னால் உட்கார்ந்து கன்னத்தைக் காட்டினாள்.