பூசை போட்ட பக்கம்

மேலகரத்தில் அய்யாத்துரையின் லாட்ஜ் வரவேற்பறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பெர்சிஸுக்குக் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. வெளியே சாரல் தெறிக்கிறது. குற்றாலம் போகும் வேன்கள் ஹாரன் அடித்தபடி ஊர்கின்றன. லாட்ஜுக்காக அவள் கட்டிய வெப்சைட்டில் இருந்த ‘வெள்ளம்: அருவியில் குளிக்கத் தடை’ என்ற அறிவிப்பை நேற்றே எடுத்துவிட்டாள். சர்வரில் தேங்கிக் கிடந்த பழைய பிரதிகளையும் துடைத்துவிட்டாள். அய்யாத்துரையின் போனில் மட்டும் அது அசையாமல் நிற்கிறது. “சீசன்ல தடைன்னு கெடந்தா எவன் ரூம் போடுவான்?” என்று அவர் நீட்டும் போனின் கண்ணாடியில் குங்குமம் காய்ந்திருக்கிறது. அவளுக்குப் பொறி தட்டுகிறது.

“அண்ணாச்சி, வெள்ளத்தன்னைக்கு வெப்சைட்டுக்குப் பூசை போட்டு இந்த போன்ல தொறந்தீங்களே, அந்தப் பக்கத்த இன்னும் மூடலையா?”

“பூசை போட்டுத் தொறந்தத யாராச்சும் மூடுவாங்களாம்மா?”

ரிப்ரெஷ் பண்ண அவள் விரலைக் கொண்டுபோனதும் போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். “அதத் தொடாத. வேணும்னா வேற ஒண்ணு தொற.”

பெர்சிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அதே போனில் புதிதாக இன்னொரு பக்கம் திறக்கிறாள். தடை இல்லை; அருவி வெள்ளையாகக் கொட்டுகிறது. அய்யாத்துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்க்கிறார்.

“இதத்தான காலைலருந்து மாத்தச் சொல்லுதேன். இதுக்கா இம்புட்டு நேரம்?”