நீதவான்மீது ஒரு வழக்கு

நாகலெட்சுமி மீது தேயிலைத் தோட்டத்தில் வழக்குப் போட்டாயிற்று.

அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. நீதவான். அந்தத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுக் காம்பரா ஒன்றில் பிறந்து, நீதிமன்றத்தில் மேலே உட்கார்ந்த முதல் பெண். அவள் பதவியேற்ற அன்று ஹட்டன் டவுன் வரைக்கும் போய் வெடி கொளுத்தியவர் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் கணேசமூர்த்தி. அடுத்த நீதவான் தன் மகள் ஜெயந்தினிதான் என்று அன்றைக்கே அறிவித்தும் விட்டார்.

இப்போது வழக்காளியும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே.

குற்றம் இதுதான். மகள் காரில் போகிறாள். அம்மா அம்மாக்கண்ணு இன்னமும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறார்.

விடுமுறைக்கு வந்தவளை அம்மாவோடு கோயில் வாசலுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். நீதவான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைகட்டி நின்றாள்.

"ஊருக்கே நியாயம் சொல்ற புள்ள நீ. பெத்த தாய அட்டக் கடிக்கு அனுப்புறது நியாயமா தாயி?"

அம்மாக்கண்ணு ஏதோ சொல்ல வந்தார். மகள் அவர் கையை அழுத்தினாள்.

"தப்புதாங்க தலைவரே. இப்பவே அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். வேலையிலேர்ந்து அம்மா பேர வெட்டச் சொல்லி நீங்களே தொரைக்கிட்ட பேசிருங்க. வேலைக்கு ஆள் இல்லேன்னா லயக் காம்பராவத் தோட்டம் எடுத்துக்கும்ல, இந்தாங்க சாவி."

கணேசமூர்த்தி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீதவானுக்கே தீர்ப்புச் சொன்னவர் என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

வாசலில் ஜெயந்தினி புத்தகப் பையோடு அழுதுகொண்டு நின்றாள். அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை.

"அம்மாக்கண்ணு பெரியம்மா காம்பரா பூட்டியிருக்கப்பா."

"இனிமே தொறக்காது. ஒங்கப்பா தீர்ப்புக் குடுத்துட்டாரு" என்றாள் அவர் மனைவி ராசம்மா. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க டீவி முன்னால போடுற சத்தத்துல இந்த வீட்டுல யாரு படிக்க முடியும்? லயத்துப் பொம்பளப் புள்ளைங்க பூரா அங்கதான் படிக்குதுங்க. நாகலெட்சுமியும் அதுல படிச்சுத்தான் மேல வந்துச்சு. அந்தக் காம்பரா கைவிட்டுப் போயிரக் கூடாதுன்னுதான், மக கூப்பிடக் கூப்பிடப் போகாம அந்த அக்கா மலை ஏறுது."

வேலைக்குப் பேர் இருந்தால்தான் காம்பரா. அந்தச் சட்டம் தோட்டத்தில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கார் புறப்படவே இல்லை. கோயில் வளைவில் அவருக்காகவே காத்து நின்றது. நாகலெட்சுமி கண்ணாடியை இறக்கினாள்.

"மேன்முறையீடுங்களா தலைவரே?"

அவர் சாவியை நீட்டினார்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். "அம்மாக்கண்ணு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தார் கணேசமூர்த்தி. பின்னால் வெறுங்கையோடு வந்த அம்மாக்கண்ணுவின் கூடை, தலையில் மாட்டிய கயிற்றில் அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.