ஏழாவது நொடி

திரையில் ஒரு காலி நாற்காலி. ஒன்பது நிமிடங்களாக அதே நாற்காலி.

எடிட்டர் கொட்டாவியை அடக்கவில்லை. "சார், இந்த ஷாட் வரும்போது ஜனங்க வெளிய போய் டீ குடிச்சு, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பி வந்தாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்."

இயக்குநர் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுபத்தொரு வயது. இதுதான் கடைசிப் படம் என்று அவரே சொல்லிவிட்டார். தயாரிப்பாளரின் நிபந்தனை ஒரே வரி. நாற்காலியை வெட்டினால் வெள்ளிக்கிழமை வெளியீடு, வெட்டாவிட்டால் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

மணி நாலே கால்.

என்னை அழைத்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய முதல் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மூன்று வருடம் கழித்து நான் அதைப் பற்றி எழுதினேன். முழுப் படத்தைப் பற்றி அல்ல. ஒரே ஒரு ஷாட்டைப் பற்றி.

மனைவி நாற்காலியிலிருந்து எழுகிறாள். வாசல் பக்கம் போவாள் என்று நினைக்கிறோம். ஜன்னல் பக்கம் போய் மறைகிறாள். கேமரா அவளோடு போகவில்லை. பதினோரு நொடி, காலி நாற்காலி மட்டும். சத்தமே இல்லை. ஏழாவது நொடியில் ஓரத்தில் ஜன்னல் திரைச்சீலை ஒருமுறை இழுபட்டு நிற்கிறது.

'வாசலை மறுத்த பெண்' என்று தலைப்பு வைத்தேன். மௌனத்துக்கு ஒரு பக்கம், திரைச்சீலைக்கு இரண்டு பக்கம். இரண்டாவது டேக் எடுக்காததைக்கூட அவருடைய துணிச்சல் என்று பாராட்டினேன்.

பிறகு எல்லோரும் அதையே எழுதினார்கள். திரைப்படக் கல்லூரிகளில் அந்தப் பதினோரு நொடி பாடமானது. நடித்த பெண்ணைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் முதல் படமும் கடைசிப் படமும்.

இயக்குநரும் என் கட்டுரையைப் படித்தார். தன் பாணி எது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டார். இன்றும் அது அவர் பர்ஸில் இருக்கிறது, மடித்த இடமெல்லாம் கிழிந்து.

இரண்டாவது படத்தில் காலிப் படிக்கட்டு, ஒரு நிமிடம். பாராட்டினேன். நான்காவதில் காலி வராந்தா, மூன்று நிமிடம். இன்னும் பாராட்டினேன். ஆறாவதில் இடைவேளைக்கு முன்பே தியேட்டரும் காலி. காலத்தை முந்தியவர் என்று எழுதினேன்.

அதே வருடங்களில் வேறு இரண்டு பேரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவர்கள் என்னைத் திட்டினார்கள். பிறகு திருத்திக்கொண்டார்கள். இன்றும் படம் எடுக்கிறார்கள்.

இவரைத்தான் நான் ஒரு வரிகூடக் குறை சொன்னதில்லை.

எடிட்டர் விளக்கைப் போட்டார். இயக்குநர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெட்டிடலாமா தம்பி? வீட்ல அவளும் அதைத்தான் சொல்றா. எனக்கும் படம் வெளிய வந்தாப் போதும்னு தோணுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியா வெட்டிடுவேன்."

அந்த ஒன்பது நிமிடம் போனால் நல்ல படம். அவர் எடுத்ததிலேயே நல்ல படம். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சார், மொதல் படத்துல அந்தத் திரைச்சீலை எப்படி அசைஞ்சுது?"

முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் இதை நான் கேட்டது இதுவே முதல்முறை.

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா! அன்னிக்குப் பொட்டுக் காத்து இல்ல தம்பி. நான் ஒண்ணும் சொல்லல, யாரும் தொடல. தானா அசைஞ்சுது. மேல இருக்கறவன் குடுத்த ஷாட்டு அது."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டார்.

"ஒரு பிரேம்கூட வெட்டாதீங்க சார்" என்றேன்.

எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இயக்குநர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. என் எதிரிலேயே தயாரிப்பாளருக்குப் போன் போட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார். சொன்னபோது முதுகு நிமிர்ந்திருந்தது.

படி இறங்கி வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவர் படம் வராதுக்கா."

"என்னடா? ஒண்ணும் கேக்கல."

"மறுபடியும் அந்தக் காதுலயா வெச்சிருக்க? மாத்துக்கா."

மாற்றும் வரை காத்திருந்தேன்.

அன்று நான் கேமராவுக்குப் பின்னால், அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசல் பக்கம் போகச் சொல்லியிருந்தார்கள். அவள் மறந்துபோய் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். 'கட்' சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கையை ஓங்கிக்கொண்டு அவளிடம் போய்விட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் சத்தத்தையெல்லாம் பிறகுதான் சேர்ப்பார்கள். அடி விழுந்த சத்தத்தை யாரும் சேர்க்கவில்லை.

கீழே விழாமலிருக்க அவள் திரைச்சீலையைப் பிடித்தாள்.