நீர்மூழ்கியின் கதவு

செஞ்சியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நசுருதீன், விலை படிந்தால் தராசையே விற்றுவிடுவார். இரும்புச் சட்டத்தோடு முற்றத்தின் நடுவில் நிற்கும் அந்தக் கதவை மட்டும் தரமாட்டார். தீப்பிடித்த நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கடற்படை ஓய்வு கொடுத்து, உடைக்க அனுப்பியபோது ஏலத்தில் எடுத்தது. அன்று தீ பரவாமலிருக்க இந்தக் கதவை மூடியபோது, அந்தக் கப்பலில் வேலை பார்த்த அவர் மகன் தௌசீஃப் உள்ளே இருந்தான்.

கடைக்கு வந்த விநாயகம், இரும்பு வாங்குகிறவர்கள் வழக்கப்படி அந்தக் கதவைத் தட்டிப் பார்த்தார். மறுபக்கத்திலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

“பின்னால யாரு பாய்?”

“தட்டாத விநாயகம். தொறக்கப்போறாங்கன்னு நம்பிடுறான்.”

நசுருதீன் கதவைத் திறந்தார். அப்பால் வெறும் முற்றம், வெயில். விநாயகத்தையும் கூட்டிக்கொண்டு அதில் நுழைந்து, அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்தினார்.

இப்போது, அவர்கள் விட்டு வந்த பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.