ஹோம் பிளேட்டில் ஒரு சண்டை

வெர்ன் பெஞ்சிலிருந்து கிளம்பி வந்த வேகத்தைப் பார்த்ததும், அம்பயருக்கு இன்று அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

வெர்ன் எங்கள் பேஸ்பால் அணியின் மேனேஜர். நான் கேட்சர். மட்டைக்காரன் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் என்ற வெள்ளைப் பலகைக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பது என் பிழைப்பு. எனக்கும் பின்னால் நிற்பவர் அம்பயர் கில்.

எங்கள் பிட்சர் சீக் எறிந்த பந்து ஸ்ட்ரைக் இல்லை, பிளேட்டுக்கு நேராக வரவில்லை என்று கில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். பந்து பிளேட்டை விட்டு ஒரு முழம் தள்ளிப் போனது. நான் கிட்டத்தட்டப் படுத்துத்தான் பிடித்தேன்.

வெர்ன் தொப்பியைப் பின்புறமாகத் திருப்பிக்கொண்டார். மூக்கோடு மூக்கு உரசக் கத்தும்போது விளிம்பு இடிக்கக் கூடாதல்லவா. அதைப் பார்த்ததுமே கூட்டம் எழுந்து நின்றது. மட்டையோடு நின்ற எதிரணிக்காரன் நமக்கேன் வம்பு என்று நகர்ந்து போய்விட்டான்.

அது ஏப்ரல் மாதம். பதின்மூன்று ஆட்டம் ஆடி, பதின்மூன்றிலும் உதை வாங்கியிருந்தோம். மில்டன் கிரீக் நாரைகள் என்ற எங்கள் பெயரை ஊரில் யாரும் சிரிக்காமல் சொல்வதில்லை. எனக்கு முடி வெட்டுகிறவன்கூட, "இன்னிக்கு எத்தனைல தோத்தீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் துண்டைப் போர்த்துவான்.

பத்தாவது தோல்விவரை, ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவது ஆனதும் ஆளாளுக்கு நைசாக உள்ளே நழுவி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தோம். அன்று வெர்ன் ஒரு சட்டம் போட்டார்.

"கடைசி அவுட் விழற வரைக்கும் ஒருத்தனும் பெஞ்சை விட்டுப் போகக் கூடாது. எனக்கும் சேத்துதான்டா சொல்றேன்."

இன்று ஐந்தாவது இன்னிங்ஸ். மூன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

சற்றுமுன் நாங்கள் பெஞ்சில் இருந்தபோது, உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் டுவைட் வந்து, வெர்ன் கையில் ஒரு மடித்த காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். வெர்ன் படித்தார். திரும்ப மடித்துப் பையில் வைத்தார். அதற்கப்புறம் எப்போதும் மென்றுகொண்டிருக்கும் சூரியகாந்தி விதையின் தோலை அவர் துப்பவே இல்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதலாளியின் ஓலை. இன்றோடு மனுஷனுக்கு வேலை போயிற்று.

இப்போது அந்த மனுஷன்தான் பிளேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கில்லும் கத்தினார். கூட்டம் போட்ட கூச்சலில் எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

வெர்ன் மண்ணை உதைத்து பிளேட்டை மூடினார். கில் குனிந்து தன் சின்னத் தூரிகையால் துடைத்தார். வெர்ன் மறுபடி உதைத்தார். கில் மறுபடி துடைத்தார், இந்த முறை ரொம்ப நேரம். நிமிர்ந்ததும் கையை ஓங்கி வாசலைக் காட்டினார்.

வெளியேற்றம்.

வெர்ன் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு நடந்தார். கடைசிப் பத்தடி ஓடியே போனார். ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

சீக்கிடம் பந்தைக் கொடுக்கப் போனேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"கடைசி நாள்லகூட எனக்காகச் சண்டை போட்டாரேடா!"

அடுத்த மூன்று பேரையும் அவன் மட்டையில் பந்து படாமலே அனுப்பினான். எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்தோம். ஒன்பதாவதில், இந்த சீசன் முழுக்கக் காற்றை மட்டுமே அடித்துக்கொண்டிருந்த டெல்மார், பந்தைச் சுவர்வரை அடித்து இரண்டு பேரை ஹோம் பிளேட்டுக்கு ஓடிவரவைத்து இன்னும் இரண்டு ரன் சேர்த்தான்.

நாலுக்கு மூன்று!

ஒருவன் மேல் ஒருவன் விழுந்து புரண்டோம். வெர்ன் உதைத்த மண்ணை யாரோ ஒரு காகிதக் கோப்பையில் அள்ளிவந்து, உள்ளே அலமாரியில் வைத்தார்கள். இனி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அதைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டுமாம்.

பத்திரிகைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பக்கத்துல நீங்கதானே இருந்தீங்க? வெர்ன் அப்படி என்ன சொன்னார்?"

"அச்சுல போட முடியாதுங்க," என்றேன்.

உண்மையிலேயே முடியாதுதான். பிளேட்டில் என் காதில் விழுந்தது இதுதான்:

"கில், என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு! ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தான். நான் போட்ட சட்டத்தை நானே மீற முடியாது. என்னை வெளிய துரத்து!"

"அடப்பாவி, தாத்தா ஆகப்போறியா! சும்மா எப்படிய்யா துரத்தறது? ஏதாவது திட்டு!"

"இருபது வருஷமாப் பாக்கறேன், உன்னை என்னன்னுய்யா திட்டறது?"

"அப்ப மண்ணையாவது உதை. இன்னும் நல்லா! கையை ஆட்டுய்யா, கையை ஆட்டு!"

குனிந்து துடைத்தபோது கில்லின் தோள் குலுங்கியது. முகத்தில் கேட்சர் முகமூடி இருந்ததால் நானும் பிழைத்தேன்.

பத்திரிகைக்காரர் போனதும், உடை மாற்றும் அறையில் தொலைபேசி அடித்தது. டுவைட் எடுத்துக் கேட்டுவிட்டு, வெர்ன் கூப்பிடுகிறார், உன்னைத்தான் கேட்கிறார் என்று என்னிடம் நீட்டினான். இரைச்சல் அடங்கி எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"நாலுக்கு மூணு, பாஸ். ஜெயிச்சுட்டோம். அங்க என்ன ஆச்சு?"

பதிலாக, கம்பி வழியே வீல் என்று ஓர் அழுகை வந்தது. என் காதோடு காது வைத்திருந்த சீக் துள்ளி விலகினான்.

"ஐயோ, மனுஷன் அழறாராடா?"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.